இருத்தல், தாங்குதல், பிழைத்தல்: துன்ப காலத்துச் சொற்கள்



திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியாக ரமணாசிரமத்தைக் கடந்து நோயாளிகளைச் சந்திக்கப் போகும்போதெல்லாம், சாலையோரத்தில் பூக்கட்டி விற்கும் வயதான ஓர் அம்மாவிடம் இரண்டு நிமிடம் நின்று பேசுவது என் வழக்கம். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் என் வெள்ளை அங்கியைப் பார்த்ததும் "சாமி" என்றுதான் அழைப்பார். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டால் எந்த நாளும் ஒரே பதில்தான்: "ஏதோ கீறேன் சாமி. ஓடுது."

எங்கள் பக்கத்துப் பேச்சில் "இருக்கிறேன்" என்பது "கீறேன்" என்று சுருங்கிவிடும். சொல் சுருங்கினாலும் பொருள் சுருங்கவில்லை. கணவரை இழந்து, பிள்ளைகளைக் கரையேற்றி, முழங்கால் வலியோடு இன்றும் தன் கையால் சம்பாதித்துச் சாப்பிடும் ஒருவரின் முழு வரலாறும் அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடுகிறது.

காலத்தைத் தாண்டி நிற்பதற்கும் கஷ்டத்தைத் தாண்டி வாழ்வதற்கும் நம் தாய்மொழியில் எத்தனை சொற்கள்! இரு, நில், நீடி, தாங்கு, பொறு, சகி, நோல், பிழை, ஆற்று, தழை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை முடித்தபோதும், புதுச்சேரி மறைப்பணியாளர்கள் 1855 முதல் தமிழ்-பிரெஞ்சு அகராதியை அச்சிட்டபோதும், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டபோதும் இச்சொற்களை வரிசைப்படுத்தி வைத்தார்கள். ஆனால் எந்தச் சொல்லை யாரிடம் எப்போது சொல்ல வேண்டும் என்பதை அகராதி கற்றுத் தராது. அது வாழ்க்கையில்தான் கற்க வேண்டியது. நான் அதைத் தாமதமாகவே கற்றேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இரு, இருப்பு

"இரு" என்றால் உட்கார், தங்கு, உயிரோடு இரு, காத்திரு என்று பல பொருள். வீட்டுக்கு வந்தவரை "இருங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்கிறோம். மளிகைக் கடையில் மிச்சமுள்ள சரக்கு "இருப்பு". வங்கிக் கணக்கில் உள்ளது "கையிருப்பு". எல்லாம் செலவான பிறகும் மீந்து நிற்பதுதான் இருப்பு.

இந்தச் சொல்லுக்கும் எங்கள் ஊருக்கும் தனி உறவு உண்டு. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1896 செப்டம்பர் 1 அன்று 16 வயதுச் சிறுவனாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவர், 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை ஏறத்தாழ 54 ஆண்டுகள் இந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை. பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் உடலை அரித்தபோதும் அசையாமல் இருந்தார். பிறகு விரூபாட்ச குகை, கந்தாசிரமம், 1922 முதல் மலையடிவாரம். அருணகிரிநாதரும் தாயுமானவரும் போற்றிய "சும்மா இருத்தல்" என்பதையே அவரும் வற்புறுத்தினார். சும்மா இருப்பது சோம்பலன்று. மனம் ஓடாமல் ஓரிடத்தில் நிற்பது என்று அவரை அறிந்தவர்கள் விளக்குவார்கள்.

1949 சனவரியில் இரண்டு கத்தோலிக்கக் குருக்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் அருள்தந்தை ஜூல்ஸ் மோன்ஷனான். மற்றவர் பிரெஞ்சு பெனடிக்ட் சபைத் துறவி ஆன்ரி லெ சோ. அடுத்த ஆண்டு, 1950 மார்ச் 21 அன்று, இந்த இருவரும்தான் குளித்தலை அருகே சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அபிஷிக்தானந்தர் என்ற பெயர் பூண்ட லெ சோ பின்னரும் பலமுறை இங்கே வந்து அருணாசல மலைக் குகைகளில் தனித்துத் தங்கினார். அவர்கள் வந்த அதே 1949இல் மகரிஷியின் கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்கு நான்கு முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. வலியின் நடுவிலும் தம்மைக் காண வருவோரை அவர் கடைசிவரை சந்தித்தார் என்பது ஊரறிந்த செய்தி.

நாம் அவருடைய தத்துவத்தை ஏற்கிறோமா என்பது வேறு. ஓடிக்கொண்டே இருக்கும் இந்தக் காலத்தில் ஒரு மனிதர் ஓரிடத்தில் "இருந்தார்" என்பதே ஒரு சாட்சியம். அதே சாலையில் தினமும் அதே இடத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் அந்த அம்மாவின் "கீறேன்" என்பதும் அதற்குக் குறைந்த சாட்சியமன்று.

2. நில், நிலை, நிலுவை

"நில்" என்ற வேரிலிருந்து எத்தனை கிளைகள்! நிலை, நிலையம், நிலைப்படி, நிலைக்கால், நிலவுதல், நிலைத்தல். கார்த்திகைத் தீபத் திருவிழாவின்போது மாடவீதிகளைச் சுற்றிய பெரிய தேர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதும், "தேர் நிலைக்கு வந்தது" என்பார்கள். நம் ஆலயத் திருவிழாக்களில் தேர்ப்பவனி முடிந்ததும் நாமும் அதையே சொல்கிறோம். இதில் நல்ல பாடம் உண்டு. நிலை என்பது அசையாத கல்லின் குணமன்று. எல்லாத் தெருவும் சுற்றிக் குலுங்கி ஆடி, முட்டுக்கட்டை போடப்பட்டு, மறுபடி இழுக்கப்பட்டு, கடைசியில் வந்து சேரும் இடம் அது.

அதே வேரின் ஒலியும் பொருளும் தெரியும் இன்னொரு சொல் "நிலுவை". கட்ட வேண்டிய பணம் கட்டப்படாமல் நின்றால் நிலுவை. துன்பம் நீண்ட குடும்பங்களில் நிலைப்பது பெரும்பாலும் நிலுவைதான். வட்டி, மருத்துவமனைக் கணக்கு, பள்ளிக் கட்டணம். "எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று அவர்களிடம் சொல்லும் முன் அந்த நிலுவையின் தொகை எவ்வளவு என்று ஒருமுறை கேட்பது நல்லது.

நிலைபெறுவதற்கு "மன்னுதல்" என்று பழைய சொல் ஒன்றும் உண்டு. ஆனால் அதே ஒலியுள்ள "மன்" என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் கூறும் மூன்று பொருள்களில் ஒன்று "கழிவு", அதாவது கடந்து போனது. நிலைப்பதைச் சொல்ல வாயெடுத்தாலே கழிந்துபோவதும் கூடவே ஒலிக்கிறது.

இதை எங்கள் ஊர் கண்ணால் கண்டது. அருணாசலம் என்ற பெயரில் உள்ள "அசலம்" என்பதற்கு அசையாதது என்று பொருள். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், அந்த அசையாத மலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து, வ.உ.சி. நகர்ப் பகுதியில் ஒரு வீட்டின்மேல் விழுந்தன. குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். பல தலைமுறைகளாக "மலை இருக்கிறது, நமக்கென்ன?" என்று சொல்லி வந்த மக்கள் அன்று பேச்சற்று நின்றார்கள். மலைகள் பெயர்ந்தாலும் குன்றுகள் அசைந்தாலும் தம் பேரன்பு அகலாது என்று ஆண்டவர் எசாயா 54:10இல் வாக்களிக்கிறார். மலை பெயரவே பெயராது என்று அவர் சொல்லவில்லை. இதை நாம் கவனிக்க வேண்டும்.

3. தாங்கு, தாங்கல், சுமைதாங்கி

பழைய சாலை ஓரங்களில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடப்பவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் தள்ளி இளைப்பாறலாம். இறக்கி வைக்கவும் மறுபடி தூக்கவும் வசதியாக ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக அது அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது. இறக்கி வைக்காத சுமையோடு போனவளுக்காக, மற்றவர் சுமையை இறக்கி வைக்க ஒரு கல்! இதைவிட ஆழமான இரங்கல் எனக்குத் தெரியவில்லை.

வடமாவட்டங்களில் சிறிய ஏரிக்குத் "தாங்கல்" என்று பெயர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்ற ஊர்ப் பெயர்களில் அது இருக்கிறது. மழைநீரைத் தாங்கி வைத்துக் கோடையில் வயலுக்குத் தருவது தாங்கல். மூன்றாவது ஒன்றும் உண்டு: "மனத்தாங்கல்". ஒருவர்மேல் உள்ள வருத்தத்தை வெளியே சொல்லாமல் உள்ளேயே வைத்திருப்பது.

இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாங்கல் நீரைத் தேக்கினாலும் மதகு வழியாகத் திறந்து விடுகிறது. சுமைதாங்கி சுமையைத் தாங்கினாலும் சற்று நேரத்தில் திருப்பித் தந்துவிடுகிறது. மனத்தாங்கல் மட்டும் வாங்கியதைத் திருப்பித் தராமல் உள்ளேயே வைத்திருந்து புளிக்க வைக்கிறது. மதகு இல்லாத ஏரி ஒருநாள் கரையை உடைக்கும். பெருஞ்சுமை சுமந்து சோர்ந்தவர்களை ஆண்டவர் தம்மிடம் அழைப்பது (மத்தேயு 11:28) இளைப்பாறுதல் தரவே என்பதை நினைவில் கொள்வோம்.

4. பொறு, சகி, நீடிய பொறுமை

"பொறு" என்பதிலிருந்து பொறுமை, பொறுப்பு, பொறை எல்லாம் வருகின்றன. பொறை என்றால் சுமை. மலை என்றும் பழைய நூல்களில் பொருள் உண்டு. திருவள்ளுவர் "பொறையுடைமை" என்று 16ஆம் அதிகாரமே வைத்து, தன்னைத் தோண்டுபவரையும் சுமக்கும் நிலத்தை உவமை காட்டினார். நம் பெரியவர்கள் சொல்லி வந்த பழைய செபங்களில், இன்று "மன்னியும்" என்று சொல்லும் இடத்தில் "பொறுத்தருளும்" என்று இருந்தது. பொறுத்தல் என்றால் மன்னித்தலும்தான். பிறருடைய பிழையை ஒரு சுமைபோல் எடுத்து நாம் சுமப்பதே பொறுத்தல் என்று அக்காலத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

"சகித்தல்" வடமொழிச் சொல். அதன் வேரான "சஹ்" என்பதற்குத் தாங்குதல் என்பதோடு வெல்லுதல் என்ற பொருளும் உண்டு. சகிப்பது தோற்பதன்று என்பதை அந்த வேரே சொல்கிறது.

புதிய ஏற்பாட்டில் பவுல் அடிகளார் அன்பின் முதல் குணமாகச் சொல்லும் பொறுமைக்குக் கிரேக்கத்தில் "மக்ரொதுமியா" என்று பெயர். நீண்ட சினம், அதாவது எழுவதற்கு நெடுநேரம் எடுக்கும் சினம் என்பது அதன் சொற்பொருள். இதைத்தான் பழைய தமிழ் மொழிபெயர்ப்புகள் "நீடிய பொறுமை" என்றன. எபிரேயத்தில் இன்னும் சுவை. விடுதலைப் பயணம் 34:6இல் ஆண்டவர் சினம் கொள்ளத் தாமதிப்பவர் என்பதைச் சொல்லும் எபிரேயத் தொடரை அப்படியே பிரித்தால் "நீண்ட மூக்கு உடையவர்" என்றாகும். நாமும் "அவனுக்கு மூக்குக்கு மேலே கோபம்" என்றுதானே சொல்கிறோம்! சினத்தின் இருப்பிடம் மூக்கு என்பதில் எபிரேயரும் தமிழரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள்.

5. படு, பாடு, நோன்பு

"பட்ட பாடு", "பாடுபட்டு வளர்த்தேன்" என்ற பேச்சைக் கேட்காத நாளில்லை. பாடு என்றால் துன்பம். பாடு என்றால் உழைப்பும்தான். தமிழில் இரண்டும் ஒரே சொல். சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் திருவுருவத்தை நம் முன்னோர் "பாடுபட்ட சுரூபம்" என்றார்கள். கூலி வேலைக்குப் போய் வந்த தாய் மாலையில் அந்தச் சுரூபத்தைப் பார்க்கும்போது, தன்னைப் போலவே "பாடுபட்ட" ஒருவரைப் பார்க்கிறாள். எந்த இறையியல் நூலும் இதைவிட எளிதாகச் சொல்லிவிட முடியாது.

"நோல்" என்றால் வருத்தத்தைத் தாங்கு. அதிலிருந்து நோன்பு. தவம் என்பது தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவதும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையும் என்று 261ஆம் குறள் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டாவது பாதியை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை இறைச்சி உண்ணாமல், வீட்டில் உள்ளவர்களை வார்த்தையால் கடித்துக் குதறினால் அது பாதி நோன்புதான்.

6. பிழை, பிழைப்பு

தமிழில் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் சொல் "பிழை". பிழைத்தான் என்றால் தவறு செய்தான். பிழைத்தான் என்றால் சாகாமல் தப்பினான். பிழைத்தான் என்றால் வயிற்றைக் கழுவினான். மூன்றுக்கும் நடுவே ஒரு பழைய படம் தெரிகிறது. எய்த அம்பு குறி தவறுவது பிழை. செய்தவன் பக்கம் நின்று பார்த்தால் அது குற்றம். அம்புக்கு எதிரே நின்றவன் பக்கம் பார்த்தால் அதுவே உயிர். பாவத்துக்குக் கிரேக்க நற்செய்தி நூல்கள் பயன்படுத்தும் "ஹமார்த்தியா" என்ற சொல்லும் குறி தவறுதல் என்ற பொருளிலிருந்து வந்ததே.

"பிழைக்கப் போனேன்" என்பது எங்கள் மாவட்டத்தின் அன்றாடப் பேச்சு. மானாவாரி நிலம் கைவிட்டால் பெங்களூருக்குக் கட்டட வேலை, திருப்பூருக்குப் பனியன் வேலை, கரும்பு வெட்டு என்று குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள். பிழைப்புக்குப் போனவர்கள் பிழைக்கவில்லை. ஆட்களைக் கூட்டிப்போன இடைத்தரகர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஒரே சொல்லின் மூன்று பொருளும் அந்த ஒரு நாளில் நம் கண்முன் நின்றன. "பிழைக்கத் தெரியாதவர்" என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்று அதன்பின் பலமுறை யோசித்திருக்கிறேன். பெரும்பாலும் நேர்மையானவரைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

7. வைராக்கியம், மனவுறுதி

ஆசிரமப் பேச்சில் வைராக்கியம் என்றால் பற்றின்மை. பொருள், உறவு, உடல் எதன்மேலும் ஆசை வைக்காமை. ஆனால் எங்கள் ஊர்த் தாய்மார் அதைச் சொல்வது வேறு விதம். "அவரு போனப்புறம் வைராக்கியமா நின்னு மூணு பிள்ளைங்களையும் படிக்க வெச்சேன் சாமி." பற்றை விட்டதால் அல்ல, பிள்ளைகள்மேல் வைத்த பற்றினால் வந்த வைராக்கியம் அது! பேச்சுத்தமிழ் அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பித் தன் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது.

இதற்கு மிக நெருக்கமான விவிலியச் சொல் கிரேக்கத்தின் "ஹுப்போமொனே". "ஹுப்போ" என்றால் கீழே. "மொனே" என்றால் தங்குதல். சுமையின் கீழ் தங்கி நிற்பது. உரோமையர் 5ஆம் அதிகாரத்தில் துன்பத்திலிருந்து எதிர்நோக்குவரை பவுல் ஒரு சங்கிலி கோக்கிறார் அல்லவா? அங்கே துன்பத்துக்கு அடுத்த கண்ணி இதுதான். பழைய மொழிபெயர்ப்பில் இது "பொறுமை" என்று இருந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு "மனவுறுதி" என்று மாற்றியது. இந்த மாற்றம் சிறியதன்று. பொறுமை என்றால் நமக்குத் தலைகுனிந்து நிற்கும் உருவம் நினைவுக்கு வருகிறது. மனவுறுதி என்றால் நிமிர்ந்து நிற்கும் உருவம். பவுல் சொன்னது இரண்டாவதைத்தான்.

ஒரு தவறான சொல்

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நான் பணியாற்றியபோது, ஓர் இளம் தாய் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. காரணம் கேட்டேன். கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார் என்றார். நான் கற்ற சொல்லைச் சொன்னேன். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. செபம் பண்ணு. அவர் மாறிடுவார்." அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சில மாதங்கள் கழித்து, கையில் மாவுக்கட்டோடும் இரண்டு பிள்ளைகளோடும் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். தாய்வீட்டுக்குப் புறப்பட்டிருந்தார். என்மேல் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "நீங்க சொன்னீங்கன்னுதான் சாமி இவ்ளோ நாள் இருந்தேன்."

அந்த "இருந்தேன்" இன்றும் என் காதில் ஒலிக்கிறது. "பிழைத்துக்கொள்" என்று சொல்ல வேண்டியவரிடம் "பொறுத்துக்கொள்" என்று சொல்லியிருந்தேன். சொல்லைப் பிழையாகச் சொன்னவன் நான். அதன் வலியை அனுபவித்தவர் அவர்.

நம் ஆண்டவரும் எப்போதும் பொறுத்து நிற்கவில்லை. குழந்தையாக இருந்தபோது ஏரோதிடமிருந்து எகிப்துக்குத் தப்பினார் (மத்தேயு 2). நாசரேத்து மக்கள் மலை உச்சியிலிருந்து தள்ள முயன்றபோது அவர்கள் நடுவே நடந்து போய்விட்டார் (லூக்கா 4). கல்லெறிய முயன்றபோது மறைந்து வெளியேறினார் (யோவான் 8). பவுல் தமஸ்கு நகர மதிலிலிருந்து கூடையில் இறக்கப்பட்டுத் தப்பினார் (திருத்தூதர் பணிகள் 9). தன் நேரம் வந்தபோது சிலுவையை ஏற்ற அதே இயேசு, அந்த நேரம் வரும்முன் தப்பித்துக்கொள்ளத் தயங்கவில்லை. சிலுவையை அவர் தாமாக ஏற்றார். வேறொருவர் தம் வசதிக்காக அதை அவர் தோளில் ஏற்றி, "பொறுத்துக்கொள்" என்று உபதேசம் செய்ததால் அல்ல.

திருச்சபையின் போதனையும் தெளிவானது. மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து நேரும்போது விலகி வாழ்வதற்கு நியாயமான காரணம் உண்டு என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1153ஆம் எண்ணில் கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட "அமோரிஸ் லெத்தீசியா" என்ற ஏட்டில், அன்பு பொறுமையுள்ளது என்பதை விளக்கும்போது, இடைவிடாமல் கொடுமைப்படுத்தப்பட நம்மையே விட்டுக்கொடுப்பது பொறுமை ஆகாது என்று தெளிவாக்குகிறார் (எண் 92). நாட்டின் சட்டமும் துணை நிற்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டில் பெண்கள் 181 என்ற எண்ணிலும், குழந்தைகளுக்காக 1098 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். எந்தப் பங்கு அலுவலகமும் இந்த எண்களைச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

ஆகவே பொறுமையைப் பற்றிப் பேசும் முன் ஒரு சிறிய கேள்வி கேட்போம்: இந்தச் சுமை எங்கிருந்து வந்தது? நோய், முதுமை, மரணம் போன்று யாராலும் நீக்க முடியாத சுமையா? அப்படியானால் "தாங்குவோம், நானும் கூட நிற்கிறேன்" என்று சொல்லலாம். இன்னொரு மனிதர் ஏற்றி வைத்த சுமையா? அப்படியானால் அதை இறக்கி வைக்க உதவுவதே முதல் வேலை.

8. ஆற்று, ஆறுதல், ஆற்றல்

தேநீர்க் கடையில் டம்ளருக்கும் டபராவுக்கும் மாற்றி மாற்றி ஊற்றிச் சூட்டைத் தணிப்பதை "ஆற்றுதல்" என்கிறோம். புண் ஆறுகிறது. பசியை ஆற்றுகிறோம். துயரை ஆற்றுகிறோம். கடமையை ஆற்றுகிறோம். பொறுத்துக்கொள்ளும் வலிமைக்கும் "ஆற்றல்" என்றே பெயர். தாங்குபவரின் வலிமையும் தேற்றுபவரின் ஆறுதலும் ஒரே வீட்டுச் சொற்கள். தேநீரைக் கவனியுங்கள். ஒரே பாத்திரத்தில் வைத்தால் அது எளிதில் ஆறாது. இரண்டு பாத்திரம் வேண்டும். துயரமும் அப்படித்தான். இன்னொருவரிடம் ஊற்றித்தான் ஆற்ற முடியும்.

225ஆம் குறளில் வள்ளுவர் ஒரு தராசு வைக்கிறார். தன் பசியைப் பொறுத்துக்கொள்ளும் தவசியின் வலிமை பெரிது. ஆனால் பிறர் பசியைத் தீர்ப்பவரின் வலிமைக்கு அது அடுத்த படிதான். ரமணாசிரமத்தில் தினமும் முற்பகலில் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு வழங்கப்படுகிறது. தட்டோடு வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்போது அந்தத் தராசு என் நினைவுக்கு வரும். நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு வீடாக அரிசி கொண்டுபோகும்போதும் அப்படியே.

9. மறுதாம்பு

கடைசியாக உழவர்களின் ஒரு சொல். கரும்பை வெட்டிய பிறகு அடிக்கட்டையை அப்படியே விட்டால் அதிலிருந்து மறுபடி தளிர் வரும். அந்த இரண்டாம் பயிர் "மறுதாம்பு". புது விதைக் கரணை வேண்டாம். வேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஆனால் கவனிப்பு வேண்டும். கட்டையை மண்ணோடு ஒட்டிச் சீவ வேண்டும். முளை வராத இடத்தில் போக்கிடம் நிரப்ப வேண்டும். வழக்கத்தைவிட உரம் கூடுதலாகவே வைக்க வேண்டும். இத்தனையும் செய்தால் மறுதாம்பும் நல்ல விளைச்சல் தரும்.

வெட்டப்பட்ட மரத்துக்கும் நம்பிக்கை உண்டு, நீர் வாசனை பட்டால் துளிர்க்கும் என்று யோபு ஏங்குகிறார் (யோபு 14). ஈசாய் என்னும் அடிமரத்திலிருந்து தளிர் ஒன்று வரும் என்று எசாயா முன்னறிவிக்கிறார் (எசாயா 11). எங்கள் அண்ணாமலையே இதற்குச் சாட்சி. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டுத்தீக்கும் பலியாகி மொட்டையாகக் கிடந்த மலைச்சரிவுகளில், 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆர்வலர்களும் ஊர் மக்களும் மரக்கன்று நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டிக் காத்து வந்தார்கள். இன்று கிரிவலப் பாதையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் பல இடங்களில் பச்சை தெரிகிறது. தானாக வந்த பச்சையன்று. யாரோ குடம் சுமந்து நீர் ஊற்றியிருக்கிறார்கள்.

நான் குறிப்பிட்ட அந்தத் தாய், தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தார் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். வெட்டுப்பட்ட கட்டை. ஆனாலும் மறுதாம்பு.

அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் ஒரு சிறு பயிற்சி செய்வோம். "எப்படி இருக்கீங்க?" என்று யாரையாவது கேட்டு, அவர் "ஏதோ இருக்கேன்", "ஓடுது", "தள்ளிக்கிட்டு இருக்கேன்" என்று சொன்னால், உடனே பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர் எந்தச் சொல்லைச் சொன்னார் என்று கவனியுங்கள். இருக்கிறாரா, தாங்குகிறாரா, பொறுக்கிறாரா, பிழைக்கப் பார்க்கிறாரா? அதை அறிந்தபின் நம் சொல்லைத் தேர்ந்தெடுப்போம். சொல் கிடைக்காவிட்டால் சற்று நேரம் அவர் பக்கத்தில் இருப்போம். அதுவும் "இருத்தல்"தான்.

பாடுகளின் வழியே உயிர்த்தெழுந்த ஆண்டவர், சுமை சுமக்கும் யாவருக்கும் சுமைதாங்கியாக இருப்பாராக. அவர்களுக்குச் சுமையாகாத மனத்தை நமக்கும் தருவாராக. ஆமென்.